கண்ணும் கரும்பலகையும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் சிந்தித்தேன். விளையாட்டுப் போட்டிகளில் நம் கல்லூரி ஈட்டிய வெற்றிகளை எழுத வல்லார் பலர் உளர். நாடக மேடையையும் சரசுவதி பூசையையும் சுவைபட வருணிக்க வல்லாரும் உளர். நானோ பந்தையும் கண்டறியேன், மேடையையும் கண்டறியேன். இஃது அவையடக்கமாகச் சொல்லும் வார்த்தையன்று, முழு உண்மை. எறிந்த பந்து என் மூக்கை அணுகும்வரை என் கண்ணுக்குப் புலப்படாது. மேடையில் நிற்பவன் அரசனா, சேவகனா என்பதைக் குரலைக் கொண்டுதான் அறிவேன். ஆகவே அந்தக் கண்களைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அவற்றைப் பற்றி எழுதுங்கால், இரத்மலானையில் எனக்குக் கிடைத்த ஓர் ஆசிரியரைப் பற்றியும், இக்காலத்தில் எல்லோரும் பேசுகின்ற லேசர்க் கண் சிகிச்சையைப் பற்றியும் எழுதாமல் இயலாது.

1972ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் நம் கல்லூரியிற் சேர்ந்தேன். என் தந்தையார் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையிற் கணக்கு எழுதி வந்தார். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய வீட்டில் வசித்தோம். அதற்குமுன் வேறோர் ஊரிற் படித்த பாடசாலையில், கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மந்தன் என்று பெயரெடுத்திருந்தேன். அதற்காகப் பிரம்படியும் பட்டிருக்கிறேன். கண் தெரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என நீங்கள் கேட்கலாம். எனக்கே அது தெரியாதே! பிறந்ததுமுதல் மங்கலாகவே காண்பவனுக்குத் தெளிவு என்று ஒன்று உண்டென்பது எங்ஙனம் தெரியும்? எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தோன்றுகிறது போலும், மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரராகையால் ஊகித்து எழுதுகிறார்கள் போலும் என்றே நான் எண்ணியிருந்தேன்.

மாலையில் கல்லூரி விட்டதும் காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பேன். பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க வண்டியும், மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க வண்டியும் புறக்கோட்டைக்குப் போகும். எனக்கு வேண்டியது கொட்டாஞ்சேனைக்குப் போகும் 102. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றும். எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னுடன் படித்தான். அவன் ஏறினால் நானும் ஏறுவேன். அவன் வராத நாட்களில் ஒவ்வொரு வண்டியையும் மறித்து நடத்துநரைக் கேட்பேன். "எழுதியிருக்கிறதே, வாசிக்கத் தெரியாதா?" என்று அவர் சினந்துகொள்வார்.

விமானங்களின் கதையும் அதுவே. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் விமானங்கள் அக்காலத்தில் இரத்மலானை விமான நிலையத்திலிருந்துதான் புறப்பட்டன. இரைச்சல் கேட்டதும் பையன்கள் அண்ணாந்து பார்த்துக் கைகாட்டுவார்கள். நானும் அண்ணாந்து பார்ப்பேன்; கையையும் காட்டுவேன். இரைச்சல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்புவேன். விமானத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

கல்லூரியிற் சேர்ந்த இரண்டாம் மாதம் கணித ஆசிரியர் என்னை எழுப்பிக் கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கை வாசிக்கச் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். வழக்கம்போலக் கையை நீட்டவும் ஆயத்தமானேன். அவர் பிரம்பை எடுக்கவில்லை. அருகில் வந்து, "தம்பி, வாசிக்கத் தெரியவில்லையா, கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டார்.

அதுவரை இவ்விரண்டையும் பிரித்து என்னை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக் கரும்பலகையை நோக்கி மெல்ல நடத்திச் சென்றார். முன்வரிசையையும் தாண்டி, இரண்டு முழத் தூரத்தில் வந்ததும் எழுத்துக்கள் தாமாகவே தோன்றின. மளமளவென்று வாசித்தேன், விடையையும் சொன்னேன். அன்று மாலையே என் தந்தையாருக்கு ஒரு கடிதம் எழுதி என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். மறுநாள் தொடக்கம் என் இடம் முன்வரிசைக்கு மாறியது.

தந்தையார் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, லிப்டன் சுற்றுவட்டத்தருகேயுள்ள கண் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துச் சென்றார். விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக 1906ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்தச் செங்கற் கட்டடத்தைக் கொழும்பில் வாழ்வோர் யாவரும் அறிவர். நெடுநேரம் வாங்கிற் காத்திருந்து, எழுத்து அட்டையை வாசித்து, சீட்டு ஒன்று பெற்றோம். ஒரு வாரத்தின் பின் கண்ணாடி வந்தது. அதை அணிந்துகொண்டு கடை வாயிலில் நின்று வீதியைப் பார்த்த கணத்தை இன்றும் மறந்தேனில்லை. எதிரே நின்ற மரத்தில் தனித்தனி இலைகள் இருந்தன! மரமென்பது பச்சை நிறமான ஒரு மேகம் என்றல்லவா நான் இதுகாறும் எண்ணியிருந்தேன். தூரத்தே வந்த பஸ்ஸின் நெற்றியில் 102 என்று எழுதியிருந்தது. நான் அதை உரக்க வாசித்தேன். தந்தையார் மறுபுறம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரம்படிக்காக வீட்டிலும் எனக்கு ஏச்சு விழுந்ததுண்டு; அதை நினைத்தார் போலும்.

நிற்க. எனக்கு இருந்த குறை யாதெனச் சிறிது விளக்குதல் நன்று. கண்ணின் முன்புறத்திலே, கடிகாரத்தின் மேற்கண்ணாடி போல வளைந்து தெளிந்து நிற்கும் படலத்துக்கு விழிவெண்படலம் என்று பெயர். அதன் தடிப்பு நடுவில் அரை மில்லிமீற்றர் அளவே. ஆயினும் கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கின்றது. எஞ்சியதை உள்ளேயிருக்கும் வில்லை செய்கின்றது. குவிந்த ஒளி பின்புறத்து விழித்திரையில் விழ வேண்டும். விழிக்கோளம் சற்று நீண்டுவிட்டால் ஒளி திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடும். அருகிலுள்ளவை தெரியும், தொலைவிலுள்ளவை மங்கும். இதுவே குறும்பார்வை. குழிவுவில்லையாலான கண்ணாடி ஒளியை முன்கூட்டியே சற்று விரித்து அனுப்புதலால் அது திரையிற் சென்று குவிகின்றது. இவ்வளவே மூக்குக் கண்ணாடியின் இரகசியம்.

கண்ணாடிக்குப் பதிலாக விழிவெண்படலத்தின் வளைவையே சற்றுத் தட்டையாக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் கண் வைத்தியர்களுக்கு நெடுங்காலமாக இருந்து வந்தது. ஜப்பானில் சாட்டோ என்னும் வைத்தியர் இரண்டாம் உலகப் போரை அடுத்த காலத்தில் நுண்ணிய கத்தியால் இதனைச் செய்தார். படலத்தின் உட்புறத்திலும் அவர் கீறினார். அவ்வுட்புறத்தேயுள்ள மெல்லிய உயிரணு வரிசை அழிந்தால் மீண்டும் வளராது என்பதை அக்காலத்தவர் அறிந்திலர். சிகிச்சை பெற்றோர் கண்ணாடியைக் கழற்றி மகிழ்ந்தனர். பல ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுட் பலருக்குப் படலம் நீர்கோத்து மங்கியது. கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் பராக்கர் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் படலத்தில் ஒரு தகட்டைச் சீவியெடுத்துச் செதுக்கி மீண்டும் பொருத்தும் முறையை வகுத்தார். மாஸ்கோவில் பியோதரொவ் 1970களில் வெளிப்புறமாக ஆரைகள் போலக் கீறும் முறையைப் பரப்பினார். எல்லாம் கத்தியின் வேலை. கை நுனியளவு பிசகினால் கண்ணுக்குக் கேடு.

கத்தியை விலக்கி ஒளியைக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஒரு தமிழ்நாட்டு விஞ்ஞானி என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். ரங்கசாமி சீனிவாசன் 1929ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டங்கள் பெற்று, அமெரிக்கா சென்று 1956இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயோர்க் மாநிலத்தில் ஐ. பி. எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். ஆகன், புளோரீன் என்னும் வாயுக்களைக் கொண்டு இயங்கும் எக்சைமர் லேசர் அங்கிருந்தது. அதன் ஒளி 193 நானோமீற்றர் அலைநீளமுடையது. கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிர். பிளாத்திக்குப் பொருள்களை இக்கதிர் சுடாமலே செதுக்குவதைச் சீனிவாசன் முன்னரே கண்டிருந்தார். உயிர்ப்பொருளையும் அவ்வாறே செதுக்குமோ என்ற வினா அவரிடமும், உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகியோரிடமும் எழுந்தது. அமெரிக்கர் நன்றி நவிலும் நாளில் வான்கோழி சமைத்து உண்பது வழக்கம். 1981ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், முதல்நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் துண்டொன்றைச் சீனிவாசன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தார். சாதாரணப் பச்சை நிற லேசர் அதைக் கருக்கியது. எக்சைமர்க் கதிரோ, கருகல் ஏதுமின்றித் துப்புரவான பள்ளம் வெட்டியது. கதிர் வெப்பத்தாற் சுடவில்லை. மூலக்கூறுகளின் பிணைப்புக்களை அறுத்து அவற்றைப் பறக்கச் செய்தது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்களவே அகன்றது. மயிரிழையிற் பள்ளம் வெட்டிப் படமெடுத்தும் காட்டினார்கள்.

ஸ்டீவன் துரோக்கல் என்னும் கண் வைத்தியர் இதனைக் கேள்வியுற்று வந்து, சீனிவாசனோடு கூடி விலங்குகளின் விழிவெண்படலத்திற் பரிசோதித்து 1983ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். 1988இல் மார்கரெட் மெக்டொனால்ட் என்னும் அம்மையார் மனிதக் கண்ணின் குறும்பார்வையை இக்கதிரால் திருத்தினார். கிரீட் தீவைச் சேர்ந்த பல்லிகாரிஸ் என்பவர், முதலில் படலத்தின் மேற்பகுதியை ஒரு மடல் போலத் திறந்து, கீழே கதிரைச் செலுத்தி, மடலை மீண்டும் மூடும் முறையைக் கைக்கொண்டார். லாசிக் என உலகமெங்கும் வழங்குவது அதுவே. மடலைத் திறவாமல், மேற்றோல் போன்ற படையை மட்டும் நீக்கிக் கதிரைச் செலுத்துவது முந்திய முறை. அதற்கு ஐக்கிய அமெரிக்க அரசு 1995இல் அனுமதி வழங்கியது. 2013ஆம் ஆண்டு சீனிவாசன் அந்நாட்டின் அதிபர் ஒபாமாவின் கையால் தொழினுட்பத்துக்கான தேசியப் பதக்கம் பெற்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். கண்ணாடி எனக்கு உலகத்தைத் தந்ததாயினும், ஆண்டுதோறும் அதன் இலக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. மைனஸ் 3இல் தொடங்கியது நாற்பது வயதில் மைனஸ் 8 ஆயிற்று. தடித்த வில்லையின் பாரத்தால் மூக்கில் தழும்பு நிலைத்துவிட்டது. கடலில் நீராடினால் கரையில் நிற்பவள் மனைவியா, அயலாளா என்று அறியேன். கோயிலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டால் மூலத்தானம் தீப மயமான ஒரு மூட்டமே. 2002ஆம் ஆண்டு ஓர் அலுவலாகச் சென்னை சென்றபோது, இதற்கு முடிவு கட்டுவதென்று தீர்மானித்து அங்குள்ள கண் மருத்துவமனையொன்றுக்குப் போனேன். மறுநாளே சிகிச்சை முடியும், மூன்றாம் நாள் கண்ணாடியின்றிக் கொழும்பு திரும்பலாம் என்பது என் கணக்கு.

அவர்கள் ஓர் இயந்திரத்தின் முன் என்னை இருத்தி, விழிவெண்படலத்தின் மேடுபள்ளங்களை அளந்து வர்ணப்படமாக வரைந்தார்கள். வைத்தியர் வயதில் என்னிலும் இளையவர். படத்தை என் முன்வைத்து, "ஐயா, உங்களுக்கு இந்தச் சிகிச்சையை நான் செய்யமாட்டேன்" என்றார்.

எனக்குச் சினம் வந்தது. பணம் போதாதென்று எண்ணுகிறாரோ என்றும் தோன்றிற்று. அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு டயொப்டர் அளவைத் திருத்துவதற்குப் படலத்தில் ஏறத்தாழ 12 மைக்கிரோமீற்றர் தடிப்பைச் செதுக்க வேண்டும். எனக்கு 8 டயொப்டர். மடலுக்கென நூறு மைக்கிரோமீற்றருக்கு மேலும் போகும். அடியில் குறைந்தது 250 மைக்கிரோமீற்றராவது எஞ்சியிருக்க வேண்டும். என் படலமோ இயல்பிலேயே மெலிந்தது. அதனினும் முக்கியமாக, அதன் கீழ்ப்பாகத்தில் சிறு புடைப்பு ஒன்று படத்திற் காணப்பட்டது. படலம் நாளடைவில் மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோயின் சாயல் அது. "இப்போது அது உங்களுக்குத் தொல்லை தரவில்லை. நான் செதுக்கினால் தரக்கூடும். எடுத்ததைத் திருப்பி வைக்க என்னால் முடியாது" என்றார்.

அன்றிரவு விடுதியில் வேறு மருத்துவமனைகளின் முகவரிகளைக் குறித்துக்கொண்டேன். எங்காவது ஒருவர் செய்யச் சம்மதிப்பார் என்று நம்பினேன். மறுநாட் காலை ஏனோ மனம் வரவில்லை. கணித ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். ஆனால் உண்மை அதுவன்று. எனக்குப் பயமாயிருந்தது, அவ்வளவே. கண்ணாடியோடு போய்க் கண்ணாடியோடு திரும்பினேன். வெள்ளவத்தைச் சந்தையில் எதிர்ப்பட்ட நண்பர்கள் என் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவ்வைத்தியர் எனக்குச் செய்த நன்மையின் அளவு பல ஆண்டுகளின் பின்னரே தெரிந்தது. மெலிந்த படலத்தைச் செதுக்கியதால் அது முன்தள்ளிப் பார்வை சிதைந்தவர்கள் உலகில் உளர். நோய் மிகவும் முற்றினால், இறந்தார் ஒருவரின் விழிவெண்படலத்தைப் பெற்றுப் பொருத்துவதொன்றே வழி. இத்துறையில் நம் நாட்டுக்குப் பெரும் புகழ் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டு கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கண்கள் அனுப்பப்பெற்றன. அன்றுதொட்டு எத்தனையோ நாடுகளில் இலங்கையர் கண்கள் ஒளி தருகின்றன. கண்ணப்ப நாயனார் வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு இத்தானத்தின் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கண்ணாடியாற் தீரக்கூடிய குறைக்காக என் படலத்தைக் கெடுத்துக்கொண்டு, பார்வை முற்றும் இழந்த ஒருவருக்குப் போக வேண்டிய தானத்தைப் பெறும் வரிசையில் நானும் நிற்க நேர்ந்திருந்தால், அதைவிட வெட்கம் வேறு யாதுண்டு?

என் மகளுக்கும் குறும்பார்வை வாய்த்தது. 2018இல் அவளுக்குத் திருமணம் பேசத் தொடங்கினோம். சாதகம் பொருந்தி வந்த இடமொன்றில், "பெண் எப்போதும் கண்ணாடி போடுவாவோ?" என்று கேட்டார்கள். என் மனைவியின் தமக்கையார், "இப்போது லேசர் செய்துவிடுகிறார்களே, ஒரு நாள் வேலை" என்றார். நானும் மகளிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, உங்களுடைய கண்ணுக்கு வேண்டாமென்று சொன்ன வைத்தியரை இன்றைக்கும் புகழுகிறீர்கள். யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக என்னுடைய கண்ணைச் செதுக்கச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்டாள். எனக்கு விடை இல்லை. அந்தப் பேச்சு அத்துடன் நின்றது. அந்தச் சம்பந்தமும் நின்றது.

அவள் ஒரு வைத்தியசாலையில் மருந்தாளராகப் பணியாற்றுபவள். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருநோய் பரவியபோது, நாள் முழுவதும் முகக்கவசம் அணிந்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. மூச்சின் ஆவி கண்ணாடியிற் படிந்து, மருந்துச் சீட்டை வாசிக்க இயலாது தவித்தாள். எழுத்துத் தவறினால் நோயாளிக்கு ஆபத்து. 2021இல் அவளாகவே வந்து, "அப்பா, இப்போது எனக்கு வேண்டும், பரிசோதித்துப் பார்ப்போமா?" என்றாள்.

கொழும்பில் ஒரு வைத்தியரிடம் சென்றோம். அவர் கேட்ட கேள்விகள் பல. இலக்கம் சென்ற ஓராண்டில் மாறியதா? கண்ணைக் கசக்கும் வழக்கம் உண்டா? கண் உலர்ந்து எரிவதுண்டா? ஈற்றில், குடும்பத்தில் எவருக்கேனும் படலம் மெலியும் நோய் உண்டா என்றார். நான் வீட்டுக்குப் போய், 2002ஆம் ஆண்டுப் படத்தைத் தேடியெடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். இந்நோய் சில குடும்பங்களில் வழிவழி வருவதுண்டு என்றும், மகளின் படலம் நல்ல தடிப்புடன் ஒழுங்காக இருப்பினும் ஓராண்டு பொறுத்து மீண்டும் அளந்து பார்ப்போம் என்றும் சொன்னார். 2022ஆம் ஆண்டு இறுதியில் அளந்தபோது இரண்டு படங்களுக்கும் இம்மியும் வேறுபாடில்லை. அதன்பின்னரே சம்மதித்தார். அப்போதும் மடல் திறக்கும் முறையை அவர் தெரிந்தெடுக்கவில்லை. மேற்படையை மட்டும் நீக்கும் பழைய முறையையே தெரிந்தார். படலத்தின் வலிமை அதிகம் குறையாமைக்காக.

2023 ஜனவரியில் சிகிச்சை நடந்தது. மருந்துத் துளிகளால் கண்ணை மரக்கச் செய்து, இமை மூடாமற் கவ்வி வைத்து, ஒரு சிறு விளக்கையே பார்த்திருக்கச் சொன்னார்களாம். கதிர் பாய்ந்தது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடமும் இல்லை. மயிர் கருகுவது போன்ற மணம் வந்ததென்றாள். அவளுடைய இலக்கம் மைனஸ் 4. ஆகவே செதுக்கிய தடிப்பு 50 மைக்கிரோமீற்றர் அளவு. தலைமயிர் ஒன்றின் பருமனிலும் குறைவு. கட்டுப்போல ஒரு மென்வில்லையைக் கண்ணில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஒரு நாள் வேலை" என்று பெரியம்மா சொன்னது இம்முறைக்குப் பொருந்தாது. மேற்படை மீண்டும் வளரும்வரை மூன்று நாள் அவள் பட்ட நோவு சிறிதன்று. சன்னல்களைத் துணியால் மூடி, இருண்ட அறையிற் படுத்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் இடைவிடாது வடிந்தது. நானே இதற்கு ஒருகாலத்தில் அவளை வற்புறுத்த முயன்றேன் என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. ஐந்தாம் நாள் மென்வில்லையை எடுத்தார்கள். பார்வை உடனே தெளியவில்லை. வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகவே தெளிந்தது. சில மாதங்கள் கண் உலர்ச்சிக்குத் துளிமருந்து இட்டாள். இரவில் வாகன விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதென்றும் சொன்னாள். அதுவும் மெல்லக் குறைந்தது. மார்ச் மாதத்தில் ஒரு மாலை, காலி வீதியில் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ளுமுன், "102 வருகிறது, அப்பா" என்றாள்.

இக்கதையை நம் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சொல்வதற்குக் காரணம் உண்டு. லேசர்க் கண் சிகிச்சை விஞ்ஞானம் தந்த அரிய பேறு. அதனை இகழ்வது பேதைமை. ஆயினும், அது நோயைத் தீர்ப்பதன்று. கண்ணாடியின் தேவையை நீக்குவது. பதினெட்டு வயது நிரம்புமுன்னும், இலக்கம் நிலைபெறுமுன்னும் அதனை நாடலாகாது. அதைச் செய்துகொண்டாலும் நாற்பது வயதின் பின் வெள்ளெழுத்து வந்தே தீரும். படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். படலத்தின் வளைவு திருந்தினாலும் விழிக்கோளத்தின் நீளம் திருந்தாது. ஆகையால் கடுங்குறும்பார்வையுடையோர் விழித்திரையைக் காலந்தோறும் பரிசோதித்தல் இன்றியமையாதது. எல்லாவற்றிலும் மேலாக, சிகிச்சை செய்ய வல்ல வைத்தியரைத் தேடுவது போலவே, வேண்டாமென்று சொல்ல வல்ல வைத்தியரையும் தேட வேண்டும். என்னை ஒருவர் தடுத்தார். என் மகளை ஒருவர் காத்திருக்கச் செய்தார். இவ்விருவரையும் நான் கதிருக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

மற்றொன்று. இரத்மலானையில் நம் கல்லூரி மட்டுமன்று, 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் தொடக்கிய செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர் பாடசாலையும் இருக்கின்றது. அங்குள்ள பிள்ளைகள் வெண்கோல் ஊன்றி வீதியைக் கடப்பதை நான் மாணவனாயிருந்த காலத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுட் பலருக்குக் கண்ணாடியாலும் பயனில்லை, கதிராலும் பயனில்லை. நம் வகுப்பறைகளிலோ, ஒரு சோடி கண்ணாடியால் மட்டும் முழுப் பார்வை பெறக்கூடிய பிள்ளைகள், அதை அறியாமலே பின்வரிசையிற் குந்தியிருத்தல் கூடும். அவர்களை மந்தர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடும். உலகத்திற் பார்வைக் குறைவுக்கு முதற் காரணங்களுள் ஒன்று, கண்ணாடி பெறாத இத்தகைய குறைகளே என்று அறிஞர் கூறுவர்.

பழைய மாணவர் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா ஆண்டின் ஞாபகமாகக் கட்டடமும் வளைவும் எழுப்புதல் நன்று. அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு நாளாவது கண் பரிசோதகர் ஒருவரைக் கல்லூரிக்கு அழைத்து, எழுத்து அட்டையைச் சுவரிற் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் செய்வோம். இயலாத பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்போம். பெருஞ் செலவுள்ள காரியமன்று. முதலாண்டுச் செலவில் என் பங்கைச் செயலாளரிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரும்பலகையைப் பார்த்து விழிக்கும் பிள்ளையொன்று உங்கள் வகுப்பில் இருந்தால், என் ஆசிரியர் கேட்ட அந்தக் கேள்வியை ஒருமுறை கேளுங்கள்.

அவர் இன்று இல்லை. என் மகள் கண்ணாடியைக் கழற்றியதை அவரிடம் போய்ச் சொல்லும் பேறு எனக்குக் கிட்டவில்லை. அவர் பணியாற்றிய இக்கல்லூரியின் மலரிலேனும் அதனை எழுதி வைக்கிறேன். வாழ்க நம் கல்லூரி அன்னை!